பாஸ்ராவில் ஒரு வைத்திலிங்கம்

ஒரு மனிதர் தன் வேலைப்பாட்டில் பொறித்திருந்த பெயரை மண்கடதாசியால் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபது தாண்டும்வரை அதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்பதற்கு அந்தச் சாக்கு உதவாது.

அம்மாவின் தம்பியான என் மாமா கப்பலில் வேலை செய்தார். ஒருமுறை ஈராக்கின் பாஸ்ராத் துறைமுகத்திலிருந்து வெள்ளிச் சிகரெட் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். மூடியில் ஆறு, பேரீச்ச மரங்கள், படகு, படகோட்டி, எல்லாம் கன்னங்கரிய கோடுகளில்.

"ஆருக்கு மாமா?"

"உனக்குத்தான். வேறை ஆருக்கு?"

அது பகிடி என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு செம்பிலும் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். கலியாண வீடுகளுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பிவர அதுதான் வழி. எனக்கென்று முதன்முதலாக ஒரு வெள்ளிச் சாமான் கிடைத்தால் பெயர் வெட்டாமல் விடலாமா? மூடியின் உட்புறத்தில் புழு நெளிந்ததுபோல் சில கறுப்புக் கோடுகள் இருந்தன. அழுக்கென்று நினைத்தேன் என்று எனக்கு நானே பல காலம் சொல்லிவந்தேன். எழுத்து என்று தெரிந்துதான் தேய்த்தேன். எனக்கு இடம் தேவைப்பட்டது. பிறகு கணக்குப் பெட்டிக் கவராயத்தின் ஊசியால் அழுத்தி அழுத்தி 'வைத்திலிங்கம்' என்று கீறினேன். எழுத்துகள் வழக்கம்போல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தன.

பெட்டி எனக்கல்ல. மாமா விரும்பிய பெண்ணின் தகப்பனாருக்கு. அவர் என் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். கப்பல்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவருடைய சொந்தக்காரர் எல்லோரும் முறுக்கிக்கொண்டு நின்ற நேரம். எங்கள் வீட்டு மேசையில் வைத்துத்தான் அவர் பெட்டியைத் திறந்தார்.

"தம்பி, உது ஆரின்ரை பெட்டி? பேர் வெட்டிக் கிடக்குது."

மாமா எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"செய்தவரின்ரை பேர், மாஸ்டர்."

"வைத்திலிங்கமோ?"

"ஓம், மாஸ்டர்."

"பாஸ்ராவிலையோ?"

"அங்கை ஒரு சனம் இருக்கு, மாஸ்டர். ஆத்தங்கரையிலைதான் சீவியம். வெள்ளை உடுத்து ஆத்திலை முழுகுறதுதான் அவையின்ரை கும்பிடு. வெள்ளி வேலைதான் தொழில். வெளியிலை கலியாணம் செய்யமாட்டினம்."

"பேந்தென்ன! எங்கடை ஆக்கள்தான்!" என்று தலைமையாசிரியர் மேசையில் அடித்தார்.

மாமா சொன்னதில் பெயரைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

அந்த மாதமே வாசிகசாலையில் தலைமையாசிரியர் பேசினார். ஈராக்கின் ஆற்றங்கரையில் பழந்தமிழ்க் குடி ஒன்று இன்றும் வெள்ளி வேலை செய்துவருவதற்குச் சான்றாகப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். எழுத்து ஏன் சரிந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அந்த நாட்டில் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள், அந்தப் பழக்கம் தமிழ் எழுத்தையும் இழுத்துவிட்டது என்று தலைமையாசிரியர் விளக்கியபோது சபை மெய்சிலிர்த்தது. நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். இப்படியொரு இனத்தைக் கண்டுபிடித்து வந்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லச் சொந்தக்காரருக்கு வாய் வரவில்லை. கலியாணம் நடந்தது.

அந்தப் பேச்சுக்கு அடுத்த வாரத்திலிருந்து, வகுப்பில் எனக்கு மட்டும் தினமும் ஒரு பக்கம் எழுத்துப் பயிற்சி விழுந்தது. "எழுத்து நிமிர்ந்து நிக்கவேணும்," என்றார் தலைமையாசிரியர். என் கெட்ட காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா இப்போது இல்லை. மாமி கனடாவில், ஸ்காபரோவில், அந்தப் பெட்டிக்குள் மாத்திரை போட்டு வைத்திருக்கிறார். போன வருடம் அதன் மூடிப் பிணைச்சல் உடைந்தபோது திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். அங்கேயே வெக்ஸ்போர்ட் பகுதியில், ஷவர்மா கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில், ஈராக்கிலிருந்து வந்த ஒரு வெள்ளி வேலைக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என் வயதுதான் இருக்கும். மூடியைக் கண்டதும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு படகோட்டியையே நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்கள் ஆட்களின் வேலை," என்றார். "நாங்கள் மண்டேயர்கள். படகோட்டியின் தோளைப் பாருங்கள். வளைவை ஒரே வெட்டில் எடுத்திருக்கிறார். எனக்கு இரண்டு வெட்டு வேண்டும்."

மாமா சொன்ன சனம், கம்பளித் தொப்பியும் குளிர் ஜாக்கெட்டுமாக என் முன்னால் இருந்தது.

"இங்கேயும் ஆற்றில் முழுகுவீர்களா?" என்று கேட்டேன்.

"ஓடுகிற தண்ணீர் இல்லாமல் எங்களுக்குச் சமயமே இல்லை. ஒரு மார்ச் மாதக் குளிரில் வெள்ளை உடுப்போடு இறங்கினோம். பாலத்தில் நின்ற ஒருவர் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். வந்த பொலிஸ்காரன் கேட்டான், உங்களையெல்லாம் யார் தள்ளிவிட்டது என்று."

சிரித்துக்கொண்டே மூடியைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"இது என்ன?"

"நான்," என்றேன். வாசிகசாலைவரை எல்லாவற்றையும் சொன்னேன். பழந்தமிழ்க் குடி என்ற இடத்தில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்கு ஷவர்மாக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் பெயரை அழித்து, செய்தவரின் பெயரைத் திரும்ப எழுதித் தரும்படி கேட்டேன்.

"அவர் பெயர் என்ன?"

தெரியாது என்றேன்.

"அப்ப எதை எழுதுவது? ஏதாவது ஒன்றை எழுதினால் அது உங்கள் மாமாவின் கதையாகிவிடும். உங்கள் பெயரையும் அழிக்கமாட்டேன். களவெடுத்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது அபூர்வம்."

அதற்குப் பதிலாக அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கி இடித்த கறுப்புத் தூளை என் கீறல்களுக்குள் நிரப்பிச் சூடாக்கினார். கூழ்முட்டை நாற்றம் எழுந்தது. ஆறியதும் அராவினார். கறுப்பு வெட்டின இடத்தில் மட்டும் நின்றது. சரிந்து விழும் என் வைத்திலிங்கம், படகோட்டியைப்போலவே கன்னங்கரேலென்று, இனி அழியாதபடி. அதன் கீழே ஒரு துண்டு இடத்தை மினுக்கி வெறுமையாக விட்டார்.

"அவருக்கு," என்றார்.

பெட்டியை மாமியிடம் கொண்டுபோய், குற்றத்தைச் சொன்னேன். மாமி மாத்திரைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமடா. மாமா அப்பவே சொன்னவர்."

"உங்கடை அப்பாவைத்தான் ஏமாத்திப்போட்டம், மாமி. பாவம், சபையிலை நிண்டு பேசினவர்."

"அவரையோ?" மாமி சிரித்தார். "உன்ரை கொப்பியைக் கிழமைக்குக் கிழமை திருத்தின மனுசனுக்கு உன்ரை கோணல் எழுத்துத் தெரியாதே? மேசையிலை பாத்த உடனையே கண்டுபிடிச்சிட்டார். எனக்கு இவரைத்தான் கட்டவேணும் எண்டிருந்தது. சொந்தக்காரரின்ரை வாயை மூட அப்பாவுக்கு ஒரு கதை தேவைப்பட்டுது. நீ எழுதிக் குடுத்தாய். பேந்து உனக்குத் தண்டனையும் தந்தவரெல்லே?"

அந்த எழுத்துப் பயிற்சிப் பக்கங்கள் இத்தனை வருடம் கழித்து எனக்கு விளங்கின. ஆக, ஒருவரும் ஏமாறவில்லை.

மாமி மூடியைச் சாய்த்து, மினுக்கிய வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏன் சும்மா கிடக்கு?"

"செய்தவரின்ரை பேர் இருந்த இடம், மாமி."

"அந்த மனுசன்ரை பேர் என்னடா?"

எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.