பன்னிரண்டாவது மாணவன்

இன்று மாட்டுங்கா ஹோட்டலில் எங்கள் வகுப்பு கூடியது. அறுபதுகளில் பம்பாய் தாராவியில் ஒன்றாக எஸ்.எஸ்.சி. முடித்தவர்கள். என்னையும் சேர்த்து வந்தது நாலு பேர்.

அன்று வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். பன்னிரண்டு இல்லாவிட்டால் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று வாத்தியாரே ரெஜிஸ்டரில் 'சங்கரலிங்கம்' என்று ஒரு பெயரைச் சேர்த்தார்.

மூன்று வருடம், முறை வைத்து, அவனுக்காக நாங்கள் 'உள்ளேன் ஐயா' சொன்னோம்.

இன்று காபி வந்ததும் செல்லையா கேட்டான். "சங்கரலிங்கத்த ஏம்ல கூப்பிடல?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"போன வாரம் தாதர் ஸ்டேஷன்ல பாத்தேன். டோம்பிவிலி வண்டியில ஏறுனான். ஆளு மெலிஞ்சிட்டான்," என்றான் முருகேசன்.

"அப்படி ஒருத்தன் கிடையாதுல. நாமதான அவனுக்கு உள்ளேன் ஐயா சொன்னோம்?" என்றேன்.

செல்லையா டம்ளரைக் கீழே வைத்தான். "ஒனக்கு அப்பவே அவன் மேல பொறாம. ஒரு நாள்கூட லீவு போடாதவம்லா அவன்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலி போய் அவனைப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. இதைப் படிப்பவர்கள் யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் கீழே கமென்டில் போடுங்கள்.

நானும் போகிறேன். யோசித்துப் பார்த்ததில், பத்தாம் வகுப்பில் தொலைந்த என் ஜாமெட்ரி பாக்ஸ் அவனிடம்தான் இருக்க வேண்டும்.