கரையில் நில்லாத அம்மா

எனக்கு எழுத்து ஒழுங்காய் வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிறகு மூழ்கிப்போன பெரிய கப்பலொன்று புறப்படும் பழைய படத்தை, கனடாவில், லவாலில் மகள் வீட்டில் பேத்தி காட்டினாள். கரை முழுக்கக் கையசைக்கும் சனம்.

அம்மாவின் தம்பி கப்பலேற வெளிக்கிட்ட காலை நினைவு வந்தது. அம்மா விதவை. "பயணம் வெளிக்கிடேக்கை முழுவியளத்துக்குக் கூடாது, சகுனப் பிழை. கொம்மாவை முன்னுக்கு வரவேண்டாமெண்டு சொல்லு" என்றா அவரின் மனுசி, மாமி. போய்ச் சொன்னேன். பலகாரம் கட்டிய எண்ணெய்க் கையோடு அம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினா.

"அக்கா எங்கை?" என்று மாமா தேடினார்.

"குளிக்கிறா" என்றேன்.

மாமா சுகமாய்ப் போய்ச் சேர்ந்தார். "பாத்தியளே மச்சாள், நான் சொன்னது சரிதானே?" என்றா மாமி. அம்மாவும் ஓமென்று தலையாட்டினா. எனக்கு அந்த வெட்கம் இன்னும் போகேல்லை.

அந்தப் படத்துக் கரையில் விதவைகளும் நின்று கையசைத்தவையோ, விபரம் தெரிந்த ஆராவது பார்த்துச் சொல்லுங்கோ.