ஏழாம் முடக்கில் முப்பதடி

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட வேதமாணிக்கத்துக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அவர் அளந்தால் அளந்ததுதான். போனக்காட்டுக்கு அடுத்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷமாக ஸ்டோர் கிளார்க். ஆணி முதல் அரிசி வரை அவர் சொன்ன அளவைச் சரிபார்க்க யாரும் துணிந்ததில்லை. துணிந்தால் ஒரு வாரம் அவருடைய கடுகடுத்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அது லேசான தண்டனை இல்லை.

1932-இல் தோட்டத்தின் பழைய மரத் தொழிற்சாலையைக் கறையான் தின்று தீர்த்தது. துரை இரும்புக் கட்டடம் வாங்குவதென்று முடிவு செய்தார். தூண், உத்தரம், கூரைத் தகடு எல்லாம் கல்கத்தாவில் அளவுக்குச் செய்து திருவனந்தபுரம் வரை ரயிலில் வரும். மேலே கொண்டுவந்து முடுக்கி நிறுத்த வேண்டியதுதான். ஆர்டர் எழுதுமுன் எல்லாவற்றையும் விசாரிக்கும் வேலை வேதமாணிக்கத்தின் தலையில் விழுந்தது. மனுஷன் விடுவாரா! பத்து வருஷத்து மழைக் கணக்கை எடுத்தார். எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கும் என்று கங்காணிகளைக் குடைந்தார். நாலு மூலையிலும் குழி வெட்டி மண்ணைப் பார்த்தார். திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் போய் ஒரு வியாபாரியின் கிடங்குத் தகரக் கூரையில் ஏறித் துருவைச் சுரண்டிப் பார்த்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள்.

மிச்சம் இருந்தது பாதை. மிக நீளமான உத்தரம் முப்பதடி. அடிவாரத்து விதுரையிலிருந்து ஏறும் மாட்டுவண்டிப் பாதையில் பத்து முடக்குகள். ஏழாவது வளைவுதான் பொல்லாதது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். முப்பதடி மூங்கில் ஒன்றை எட்டு ஆள் தோளில் ஏற்றி, அடிவாரத்திலிருந்து நடத்திக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் சப்பரம் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். மூங்கில் வந்து சேர்ந்தது. முப்பதடி தாராளமாகத் திரும்பும் என்று எழுதிக்கொடுத்தார். உன் அளவு போதும் என்று துரை தட்டிக்கொடுத்து, மறுநாள் காலை ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் மனைவி ராகேலிடம் அந்தப் பிரதாபத்தை விவரித்தார்.

"ஏழாம் முடக்குல பாறை இடிச்சுது. நம்ம ஆளுவ விடல்ல. முன்னால நின்னவனுவ மூங்கிலத் தலைக்கு மேல தூக்கிட்டானுவ. பாறைக்கு மேலகூடி வந்துட்டு, கேட்டியா?"

ராகேல் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இரும்பையும் அப்பிடித் தூக்குவாவளா?"

வேதமாணிக்கத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இரும்பு வண்டியில் கட்டிக் கிடக்கும். அதை யார் தூக்குவது? அஞ்சல்காரன் ஆர்டர் கடிதத்தோடு மூன்று மணிக்கு மலை இறங்கிவிடுவான். உத்தரங்கள் வந்து அந்த வளைவில் சிக்கினால் தோட்டத்துக்கு ஒரு வருஷம் போகும். இப்போதே போய்ச் சொன்னால் பதினாறு வருஷத்துப் பெயர் இன்றைக்கே போகும்.

அவர் முகத்தைப் பார்த்து ராகேல் பயந்துவிட்டாள். "நீங்க போவாண்டாம். ஒரு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்புங்க."

"தப்பு என்னுதாக்கும். நான்தான் போவணும்."

கையைக் கழுவினாரோ இல்லையோ, பங்களாவுக்கு ஓடினார். துரையின் முன்னால் நின்று, "என் அளவு தப்பு, சார். மூங்கிலைத் தூக்கித் திருப்பினோம். இரும்பைத் தூக்க முடியாது" என்றார். துரை கடிதத்தைத் திரும்ப எடுத்து வரச் சொன்னார். பாதையை மறுபடியும் அளந்து வா என்று அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் முப்பதடி மரத்தடி ஒன்றை வண்டியில் கட்டி, வண்டிக்காரர் பகவதிப்பெருமாள் ஏழாம் முடக்குக்கு ஓட்டி வந்தார். பாறையில் முட்டி நின்றது. ஓர் அடி அறுத்தார்கள். முட்டியது. இன்னும் ஓர் அடி அறுத்தார்கள். பகவதிப்பெருமாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சாரே, இப்பிடி அறுத்தா கடைசியில வெறகுதான் மேல போவும்!"

ஒன்பது துண்டு பாதையோரம் விழுந்த பிறகு, இருபத்தோரடியில் மரம் திரும்பியது. இருபதடிக்கு மேல் எந்தத் துண்டும் வேண்டாம், மேலே வைத்து இணைத்துக்கொள்கிறோம் என்று வேதமாணிக்கம் எழுதிக்கொடுத்தார். துரை அதை அப்படியே ஆர்டரில் சேர்த்தார்.

அடுத்த தை மாதம் இரும்பு வந்தது. கட்டடத்தை எழுப்பக் கம்பெனி இன்ஜினியரும் வந்தார். ஏழாம் முடக்கில் தோட்டமே கூடி நின்றது. முதல் வண்டியின் உத்தரம் பாறைக்கு ஒரு சாண் தள்ளித் திரும்பியபோது எழுந்த கூச்சலில் மாடுகளே மிரண்டன. பின்னால் வந்த வண்டிகளும் ஒன்று மிச்சமில்லாமல் ஏறிப் போயின. பாதையை அளந்தது யார் என்று இன்ஜினியர் கேட்டார்.

துரை வேதமாணிக்கத்தின் தோளில் கைவைத்தார். "இவர். முதலில் தப்பாக அளந்தார். யாரும் கண்டுபிடிக்கும் முன்னே, தானே வந்து சொன்னார். அதனால்தான் இந்த இருபதடியை நம்பினேன்." இங்கிலீஷில் சொன்னது போதாதென்று, கூட்டத்துக்காகத் தமிழிலும் ஒரு தடவை சொன்னார்.

வேதமாணிக்கம் வீட்டுக்கு வந்தார். "துரை என் தப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாரு."

ராகேல் நெஞ்சில் கைவைத்தாள். "கர்த்தாவே! கங்காணிமாருக்கு முன்னாலயுமா?"

"கங்காணிமாரு, வண்டிக்காரனுவ, கல்கத்தா இன்ஜினியரு..." வேதமாணிக்கம் தலையை நிமிர்த்தி, ஒருவரையும் விடாமல் சொன்னார். "எல்லாருக்கும் முன்னாலதான், ராகேலு!"