நான்காவது கட்டத்தில் ஒரு கோடு

என் சமையலறை அலமாரியில் ஒரு சாக்குத் துண்டு இருக்கிறது. இரண்டு முழ நீளம், மேல் விளிம்பில் நான்கு ஆணி ஓட்டைகள், ஒரு பக்கம் முழுக்க வெயிலில் வெளுத்து வைக்கோல் நிறமாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஆறே மாதத்தில் நின்றுபோனது. சாக்கு நானே கேட்டு வாங்கி வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த ஒரு பீர் ஆலையின் பரிசோதனைக்கூட ஜன்னலில் அது பல வருடம் தொங்கியது. வாழ்நாள் முழுவதும் விதிமுறை எழுதியே சம்பளம் வாங்கியவன் வீட்டில், அவனே மீறிய ஒரு விதிக்கு இப்படி ஒரு நினைவுச் சின்னம் இருப்பது நியாயம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மதுவிலக்கு தளர்ந்து, ஆலை ஓடத் தொடங்கிய காலம். இன்றைக்கு கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் அன்று சவுக்குத் தோப்பும் ஏரிக்கரையும்தான். நான் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைவன். எனக்குக் கீழே ஒரு நுண்ணோக்கியும் ஒரு ஃபிரிட்ஜும் ஓர் உதவியாளரும் இருந்தார்கள். மூன்றில் ஃபிரிட்ஜ்தான் அடிக்கடி லீவு போடும். அந்த ஆலையில் எதை எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு நாற்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் எழுதியிருந்தேன். அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனே என்பது பின்னால் தெரிந்தது. நானும் சரியாகப் படிக்கவில்லை என்பது அதற்கும் பின்னால் தெரிந்தது.

பீர் காய்ச்சும் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் ப்ரூமாஸ்டர் என்போம். தெற்கத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். கடைக்காரர்கள் கேட்கும் வழக்கமான பீரை வருடக்கணக்காக வெளிமாநில ஆலைகளில் காய்ச்சி அலுத்துப்போயிருந்தார். நிர்வாகத்திடம் மன்றாடி ஒரு சின்னத் தொட்டி வாங்கி, அதில் தன் கைப்பக்குவமாகப் பேல் ஏல் என்ற பீர் வகையைப் போட்டார். வழக்கமான பீரைவிடக் கொஞ்சம் சூட்டில் நொதிப்பது அது. செம்பொன் நிறம், பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை தூக்கலாக இருக்கும். அந்த நிறம் வெளியே தெரியட்டும் என்று, வழக்கமான பழுப்புப் பாட்டிலை விட்டு வெள்ளைப் பாட்டிலில் அடைக்கச் சொன்னது நிர்வாகம். முழுத் தொட்டியும் அடைத்து, பெட்டிகளை இருட்டு ஸ்டோரில் அடுக்கினார்கள். மாதிரிக்கென்று எட்டு பாட்டில் என்னிடம் வந்தது. கிழக்கு ஜன்னலில் வரிசையாக வைத்தேன். காலை வெயில் பட்டால் எட்டும் விளக்கேற்றியதுபோல நின்றன. நானே தினமும் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பேன்.

ஒரு வாரம் கழித்துச் சுவைப்புக் குழு கூடியது. படிவத்தில் நான்கு கட்டங்கள்: நிறம், நுரை, மணம், சுவை. முதல் இரண்டில் எல்லோரும் தாராளமாக மதிப்பெண் போட்டோம். மூன்றாவதில் எல்லோர் முகமும் சுளித்தது. கருகிய ரப்பரும் பூனையும் சேர்ந்த ஒரு நாற்றம். நான்காவது கட்டத்துக்காக மனமில்லாமல் ஒரு வாய் வைத்து முட்டை போட்டோம். விதிப்படி மறு சுவைப்பு ஒன்று உண்டு. அதிலும் தோற்றால், கலால் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அத்தனை பாட்டிலையும் சாக்கடையில் கொட்டவேண்டும். சின்னத் தொட்டியையும் கழற்றி விற்றுவிடுவோம், இந்த விளையாட்டெல்லாம் போதும் என்று நிர்வாகம் சொல்லி அனுப்பியது.

"தொட்டியில குடிச்சப்போ நல்லாத்தான இருந்திச்சு" என்றார் ப்ரூமாஸ்டர். பெற்றவர் வேறெப்படிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு சுவைப்பு நாள் ஆடிக் கிருத்திகையில் வந்து விழுந்தது. குழுவில் இரண்டு பேர் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள். பீர் ஆலையில் வேலை பார்த்தாலும் அன்றைக்குத் துளி தொடமாட்டார்கள். குறைந்தது நான்கு பேர் வேண்டும், இருந்தது மூன்று. ப்ரூமாஸ்டர் தன் சரக்குக்குத் தானே மார்க் போட முடியாது. சுருட்டு, வெற்றிலை, மூக்குப்பொடி பழக்கம் இல்லாத ஓர் ஆளைத் தேடி ஆலை முழுக்க நடந்தேன். கடைசியில் கிடைத்தவர் லைட்டம்மா.

கழுவிய பாட்டில்கள் ஒரு வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் வரிசையாக ஓடும். தூசி, கீறல், பூச்சி இருந்தால் சட்டென்று எடுத்துவிட வேண்டும். அந்த வேலையில் இருந்ததால் அந்தப் பெயர். பென்னலூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். அதற்குமுன் பாட்டில் கழுவும் இடத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஓ.டி. கொடுத்தாலும் சபைக்குத்தான் போவார்.

"நான் வாயில வைக்கமாட்டேன் சார். சபையில சத்தியம் பண்ணிக்கீறேன்."

"அப்புறம் ஏம்மா பீர் கம்பெனில வேலைக்கு வந்தே?"

"குடிக்கறதுதான் பாவம், கழுவறது இல்லன்னு பாஸ்டர் சொல்லிக்கீறாரு. மோந்து பாக்கணும்னா பாக்கறேன்."

கழுவும் பெண்கள் சிரித்தார்கள். "போக்கா, போய் மூக்கால குடிச்சிட்டு வா" என்றாள் ஒருத்தி.

புது ஆளுக்கு முதலில் ஒரு தகுதிச் சோதனை உண்டு. மூன்று கோப்பை கொடுத்து, எது வேறு என்று கேட்கவேண்டும். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. மூன்றிலும் அதே பேல் ஏலை ஊற்றினேன். வித்தியாசம் சொன்னால் கதை விடுகிறார் என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடலாம். ஜன்னலில் மிச்சம் நான்கு பாட்டில். மறு சுவைப்புக்கு மூன்று வேண்டும். ஆகவே ஒன்றைத் திறந்து இரண்டு கோப்பை நிரப்பினேன். அதே பாட்டிலை மறுபடி ஊற்றினால் நுரை அடங்கிக் காட்டிக்கொடுக்கும் என்று, மூன்றாவது கோப்பைக்கு ஸ்டோரிலிருந்து ஒன்று தருவித்தேன். என் விதிப் புத்தகம் அவ்வளவு நுணுக்கமானது.

லைட்டம்மா தலையிலிருந்த மல்லிகையை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார். மூன்றையும் முகர்ந்தார், திரும்பவும் முகர்ந்தார். மூன்றாவதைத் தனியே நகர்த்தினார்.

"இது வேற."

"மூணும் ஒண்ணுதாம்மா" என்றேன், வெற்றிக் களிப்போடு.

"ஒண்ணு இல்ல சார். இந்த ரெண்டும் வெயில் நாத்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கடையிலேர்ந்து காலி பாட்டிலு வருது இல்ல, அடியில கொஞ்சம் பீர் நின்னுகினு? நம்ம வாசல்ல வெயில்ல கெடக்கும். பழுப்பு பாட்டில்ல வெறும் புளிப்புதான் அடிக்கும். வேற கம்பெனி வெள்ள பாட்டிலு இந்த மாரி பூனை நாத்தம் அடிக்கும். சாக்குக்கு அடியில கெடந்த வெள்ள பாட்டில்ல அதுவும் இருக்காது. கழுவறவங்கள யார வேணா கேளுங்க." பிறகு ஜன்னலைக் காட்டினார். "நீங்க அங்கதான வச்சிக்கீறீங்க? நல்லா மின்னுதேன்னு நானும் தெனம் பாத்துகினுதான் போவேன்."

மூன்றாவது கோப்பையை எடுத்து முகர்ந்தேன். சுத்தமாக இருந்தது. மற்றதை எடுத்தேன். பூனை அங்கேயே உட்கார்ந்திருந்தது. என் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாதிரிகளை இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைக்கவேண்டும் என்று எழுதிய பேனா அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லலாம். அழகாக இருந்தது என்பதுதான் உண்மை.

கலால் இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கொட்றதுக்கு ஆள் ரெடியா சார்? நாலு மணி பஸ்ஸ வுட்டா எனக்கு அப்புறம் ஏழுதான்."

"இன்னைக்குக் கொட்டறதுக்கு இல்ல சார். சுவைப்பு மொதல்லேர்ந்து நடக்கணும்."

"மொதல் தடவ ஒண்ணு, மறு தடவ ஒண்ணு. மூணாவதுன்னு உங்க புக்லயே இல்லியே."

"மொதல் தடவயே செல்லாது. மாதிரி கெட்டுப்போயிருந்தா அந்தச் சுவைப்பு நடந்ததாவே கணக்கில்ல. அதே புக்ல பன்னெண்டாவது விதி."

"அத எழுதினது யாரு?"

"நான்தான்."

"மாதிரிய கெடுத்தது?"

"அதுவும் நான்தான். எழுதி, கையெழுத்து போட்டுத் தரேன்."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் அவர் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்த்தவர்போல இருந்தது முகம். காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே மிகச் சுருக்கமானது அது. சிரமப்பட்டு எழுதியதும் அதுதான்.

அன்று மாலையே, ஸ்டோரிலிருந்து எடுத்த பாட்டில்களோடு குழு உட்கார்ந்தது. ப்ரூமாஸ்டர் வாசலுக்கு வெளியே நின்றார். லைட்டம்மா கோப்பையைக் கையால் மூடி, ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தார்.

"நாரத்தை எலய கசக்கினா வருமே, அந்த வாசன. அடியில கொஞ்சம் வறுத்த கடலை. நல்லா கீது சார்."

ப்ரூமாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். வரக்கூடாது என்பது விதி. "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா" என்று கேட்டு, தொட்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு சாக்கைக் கிழித்து வந்து, நாற்காலிமேல் ஏறி, என் ஜன்னலில் நான்கு ஆணி அடித்தார். கட்டடத்தில் ஆணி அடிக்கப் பராமரிப்புப் பிரிவின் அனுமதிச் சீட்டு வேண்டும். நான் கேட்கவில்லை.

ஏல் தேறியது, தொட்டியும் தங்கியது. அடுத்த முறையிலிருந்து பழுப்புப் பாட்டில். லைட்டம்மாவைக் குழுவில் நிரந்தரமாகச் சேர்க்க நான் எழுதியபோது, அன்று மாலை அவசரத்தில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் தெரிந்தது. எந்தக் கட்டமும் காலியாக இருந்தால் படிவம் செல்லாது. அவரோ நான்காவதைத் தொடமாட்டார். ஆகவே என் புத்தகத்தில் ஒரு திருத்தம் சேர்த்தேன்: உறுப்பினர் மனசாட்சி காரணமாகச் சுவைக்காதபோது, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடலாம். அந்தப் புத்தகத்தில் மனசாட்சி என்ற சொல் வரும் ஒரே இடம் அது. ப்ரூமாஸ்டர் அதன்பின் எத்தனையோ ஏல் போட்டார். ஒவ்வொன்றும் முதலில் அந்த மூக்குக்குத்தான் போனது. வேப்பம்பூ என்பார் லைட்டம்மா, ஈரச் சாக்கு என்பார், "நேத்து அரைச்ச மாவு, இன்னும் ரெண்டு நாள் போவட்டும்" என்பார். அவர் சொன்னதை அப்படியே அறிக்கையில் ஏற்றினேன். ஒரு துளி குடிக்காதவர் கோடு போட்ட படிவங்களை நம்பித்தான் ஊரே குடித்தது.

ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் உதிரிபாகக் கிடங்கு. போன வாரம் என் மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு பாட்டில் பேல் ஏல் கொண்டுவந்தார். அங்கே சின்னதாக யாரோ கைப்பக்குவமாகக் காய்ச்சுகிறார்களாம். வெள்ளைப் பாட்டில். "கலர் எப்படி இருக்கு பாருங்க மாமா" என்று குன்றத்தூர் வெயில் முழுக்க விழும் சமையலறை ஜன்னலில் வைத்தார். நான் பாய்ந்த வேகத்தில் என் முழங்கால் வலி எனக்கே மறந்துபோயிற்று.

லைட்டம்மாவுக்கு போன் செய்தேன். எண்பதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருக்கிறது.

"வெயில்ல வச்சீங்களா?"

"அஞ்சு நிமிஷம்."

"நீங்க திருந்தமாட்டீங்க சார். சாக்குல சுத்தி வையுங்க. ஞாயித்துக்கெழம சபை முடிஞ்சி பேத்தி வண்டில வரேன்."

பாட்டில் இப்போது அலமாரியில், அந்தச் சாக்குக்குள் இருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒரு படிவம் வரைந்து வைத்திருக்கிறேன். அவருடைய வரிசையில் நான்காவது கட்டத்துக் கோட்டை நானே இப்போதே போட்டுவிட்டேன். மற்ற மூன்றையும் அவர் நிரப்பட்டும். அதுவரை நான் வாயில் வைப்பதாக இல்லை.