லிஃப்ட்காரர் குகைக்குப் போனார்

லிஃப்ட்காரரைக் கேட்டு அவருடைய அலுவலகத்துக்கு யாராவது போன் செய்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் அலட்டிக்கொள்ளாமல் சொல்வாள்: "அவர் மேல போயிட்டாருங்க." முதல் தடவை இதைக் கேட்டபோது அவர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயம் புரிந்த பிறகு, "ஏம்மா, வேலைக்கு ஏறியிருக்கார்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண் திருந்தவில்லை. லிஃப்ட்காரருக்கு அதில் கோபமும் இல்லை. கால் நூற்றாண்டாக அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் மேலே போவதும் கீழே வருவதுமாகப் பிழைத்தவர் அவர்.

ஆனால் இப்போது இரண்டு மாதமாக அவர் எங்கேயும் ஏறவில்லை. முதுகுவலி என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முதுகு நன்றாகத்தான் இருந்தது. லிஃப்ட் குழியின் கதவைத் திறந்து அந்த இருட்டைப் பார்த்தாலே முழங்கால் இரண்டும் கழன்றுகொண்டது. அதுதான் வலி.

வீட்டில் அது வேறு விதமாக வெளிப்பட்டது. படுக்கையறைக் கதவை மூட விடமாட்டார். குளியலறைக் கதவைத் தாழிடாமல், ஒரு வாளியை முட்டுக்கொடுத்துவிட்டுக் குளிப்பார். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்று விடாமல் இருமுவார். மனைவி இருமல் மருந்து வாங்கி வைத்தாள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அதையும் வேளை தவறாமல் குடித்தார்.

மேலாளர் ஒரு நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. "திங்கக்கிழமை ஏறுங்க. முடியலேன்னா சொல்லிடுங்க, நிரந்தரமா ஸ்டோர்லயே போட்டுடறேன்" என்றார். ஸ்டோர் என்றால் கம்பிவலை போட்ட ஒரு சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கிரீஸ் டப்பாவும் திருகாணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இந்த இரண்டு மாதமும் அவர் தற்காலிகமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார், அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் எல்லாம் வந்து போல்ட் வாங்கிக்கொண்டு மேலே ஏறப் போவதைப் பார்த்து இவருக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை தன் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். நெடுஞ்சாலையில் எத்தனையோ தடவை கண்ணில் பட்ட பலகை ஒன்று உண்டு: குகை, இடது பக்கம் திரும்பவும். ஒரு தடவைகூட அவர் திரும்பியதில்லை. குழிக்குள்ளேயே வேலை பார்க்கிறவன் காசு கொடுத்து இன்னொரு பொந்துக்குள் போவானா? இப்போது அதே பொந்துதான் பரீட்சை. உள்ளே போய்த் திரும்பி வந்துவிட்டால் திங்கட்கிழமை ஏறுவது. பாதியில் ஓடி வந்தால் ஸ்டோர். கூட யாராவது வந்தால் ஓடி வருவதைப் பார்த்துவிடுவார்கள், ஆகவே தனியாக.

மனைவியிடம், பழைய மோட்டார் ஒன்று விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அவள் அதை நம்பவில்லை என்பது, கேட்காமலே மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்ததிலிருந்தே தெரிந்தது. கார் கதவருகே வந்து நின்று, "எங்க வேணா போங்க. திரும்பி வரும்போதாவது என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசற மனுஷனா வாங்க" என்றாள்.

"அவன் பேச்சை எடுக்காதே" என்று வண்டியைக் கிளப்பினார்.

அவள் தம்பிதான் இவருக்கு வேலையிலும் ஜோடி. பத்து வருஷமாக மாமாவும் மச்சானும் ஒன்றாகவே ஏறி இறங்கினார்கள். லிஃப்ட் வேலையில் ஒருவர் பெட்டியின் கூரைமேல் நிற்பார், இன்னொருவர் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் சுவிட்ச் பக்கத்தில் நிற்பார். பெட்டியை ஒரு சாண் நகர்த்துவதானாலும் மேலே இருப்பவர் முதலில் "இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே குழிக்குள் இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அந்த "இருக்கேன்" காதில் விழாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. சுவிட்சை விட்டு நகரவும் கூடாது. பழைய கட்டடங்களில் சுவிட்சுக்குப் பூட்டு கிடையாது, யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் கீழே இருப்பவர் கதி அதோகதி. இது எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, இவர்கள் இருவரும் இதை மீறியதே இல்லை.

அந்த நாள் வரைக்கும் என்றுதான் லிஃப்ட்காரர் சொல்வார். அன்றைக்கு இவர் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மின்சாரம் போனது. டார்ச்சை எடுக்கத் துழாவினார், அது கை நழுவிச் சந்து வழியாகக் கீழே போய் உடைந்தது. இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுவிட்டதால் எதிரே வெறும் சுவர். போன் மோட்டார் அறையில், பைக்குள். "டேய், இருக்கேன்டா!" என்று கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். மேலே எங்கேயோ ஒரு உறுமல் மட்டும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இருட்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கடைசியில் காற்சட்டை நனைந்தது. அதை அவர் இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

மின்சாரம் வந்து, மச்சானின் குரல் கேட்டு, மேலே வந்து சேர்ந்தபோது, மோட்டார் அறையில் முதலில் கண்ணில் பட்டது சுவிட்ச் அடியில் இருந்த டீ கிளாஸ். மச்சானுக்கு டீ என்றால் உயிர், அது எல்லோருக்கும் தெரியும். "நான் உள்ள செத்துக்கிட்டிருக்கேன், நீ டீ குடிக்கப் போயிட்டியா?" என்று கிளாஸைக் காலால் ஒரு உதை விட்டார். டீ மொத்தமும் மச்சானின் வெறுங்காலில் கொட்டியது. அவன் காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே நின்றான். எவ்வளவு திமிர் இருந்தால் இப்படி நிற்பான் என்று இவருக்கு இன்னும் ஏறியது.

"நான் கத்தினேன் மாமா. நகராமத்தான் நின்னேன். ஜெனரேட்டர் போட்டுட்டாங்க..." என்று அவன் ஆரம்பித்தான்.

"பொய் சொல்லாதே. என் காது என்ன செவிடா?"

அதோடு சரி. மச்சான் வேறு ஆளோடு ஜோடி மாறிப் போனான். அக்கா வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. லிஃப்ட்காரர் அன்றிலிருந்து டீயையும் விட்டுவிட்டார்.

மலையடிவாரத்தை நெருங்க நெருங்கக் காரின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை ஓரம் கட்டி, முதல் டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டார். வண்டியைத் திருப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே மீதியையும் சாப்பிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் காது கிழிய ஹாரன் அடித்து, "நடு ரோட்டுல சாப்பாடா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஓரம் கட்டியதாக இவர் நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். வெட்கத்தில் வண்டியை எடுத்தார், எடுத்த வண்டி குகைக்கே போய் நின்றது.

குகை வாசலில் கூட்டமே இல்லை. தலையில் விளக்கு வைத்த தொப்பியோடு ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் வழிகாட்டி. "ஒருத்தர்தானா?" என்றாள்.

"ஒருத்தர்தான். எவ்வளவு தூரம் போகணும்? நடுவுல வெளிய வர முடியுமா? குறுகலா இருக்குமா?"

"நீங்க என்ன சார், வீடு வாடகைக்குப் பாக்கற மாதிரி கேக்கறீங்க. வாங்க, போய்ட்டு வந்துடலாம்" என்று இன்னொரு தொப்பியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள்.

முதல் கொஞ்ச தூரம் பரவாயில்லை. சுவரில் விளக்குகள் இருந்தன, அந்தப் பெண்ணும் வாய் மூடாமல் பேசிக்கொண்டே போனாள். லிஃப்ட்காரர் அவள் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை, பேசுகிறாள் என்பதே போதுமாக இருந்தது. பிறகு விளக்குகள் முடிந்தன. பாறை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. ஒரு வளைவில் அவள் நின்றாள். "இங்க ஒவ்வொருத்தராத்தான் போகணும். நான் முன்னாடி போய்ட்டு குரல் குடுக்கறேன், அப்புறம் நீங்க வாங்க" என்று சொல்லிவிட்டு உடம்பைத் திருப்பி வளைவுக்குள் நுழைந்தாள். அவளுடைய விளக்கு வெளிச்சமும் அவளோடு போனது, இவர் தொப்பியின் விளக்கு எதிரே இருந்த பாறையை மட்டும் காட்டியது.

அவர் நின்றார். குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ உறுமல் மாதிரி வந்தது, அவ்வளவுதான்.

"இருக்கீங்களாம்மா?" என்றார். பதில் இல்லை. "அம்மா! இருக்கீங்களா!" என்று கத்தினார். முழங்கால் தன் வேலையைக் காட்டியது. போச்சு, ஸ்டோர்தான் என்று முடிவே கட்டிவிட்டார். திரும்பி ஓடினால் விளக்கு போட்ட பாதை, அதன் முடிவில் வெயில், காரில் இன்னும் இரண்டு டப்பா சாப்பாடு. ஓடியும் இருப்பார். ஆனால் அந்தப் பெண் உள்ளே விழுந்து கிழுந்து வைத்திருந்தால்? பதில் வராத இடத்தில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போவதற்கு அவருக்குக் கால் வரவில்லை. எவனோ தன்னை அப்படி விட்டுவிட்டுப் போனான் என்றுதானே இரண்டு மாதமாக வெந்துகொண்டிருக்கிறார்? கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாறையில் சட்டை உரச, வளைவுக்குள் நுழைந்தார்.

இரண்டே எட்டு. அந்தப் பக்கம் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பாறையிலிருந்து தண்ணீர் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்கன்னு எத்தனை தடவை சார் கத்தறது? தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு!"

"நீங்க... கத்தினீங்களா?"

"பின்னே?"

"நானும் கத்தினேனே. இருக்கீங்களா, இருக்கீங்களான்னு."

"எனக்கு எங்க கேக்கும், இந்தத் தண்ணி சத்தத்துல? அந்தப் பக்கம் நின்னா சும்மா ஒரு உறுமல்தான் வரும். தெரியாம நிறைய பேரு பயந்துடுவாங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

லிஃப்ட்காரர் ஒரு ஈரமான பாறையில் உட்கார்ந்துவிட்டார். உறுமல். அன்றைக்குக் குழிக்குள் கேட்ட அதே உறுமல். மோட்டார் அறையை ஒட்டி மொட்டை மாடியில்தான் அந்தக் கட்டடத்து ஜெனரேட்டர் இருக்கிறது, அதை அவரே எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறார். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு மச்சான் "இருக்கீங்களா மாமா" என்று கத்தியிருப்பான். இவர் கீழேயிருந்து "இருக்கேன்டா" என்று கத்தியிருப்பார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பதில் கேட்காததால் அவன் சுவிட்சைத் தொடவில்லை. சுவிட்சை விட்டு நகரக் கூடாது என்பதால் ஆளைக் கூப்பிடக் கீழே ஓடவும் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், அது குகை முழுக்கக் கேட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீர் நிற்கவும் கொஞ்ச நேரம் ஆனது. "என் மச்சான் பதில் சொல்லியிருக்கான்மா" என்றார்.

"யாரு சார்? இன்னொருத்தர் வந்திருக்காரா?" என்று அவள் பதறிப்போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு பெரிய கூடம் மாதிரி இடம் வந்தது. "இங்க ஒரு நிமிஷம் விளக்கை அணைச்சுக் காட்டுவோம். இஷ்டப்பட்டாத்தான். உங்களுக்கு வேணாம்னு நினைக்கிறேன்" என்றாள்.

"அணைங்க" என்றார் லிஃப்ட்காரர்.

கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாலும் தெரியாத இருட்டு. முழங்கால் நடுங்குமா என்று காத்திருந்தார். அது சமர்த்தாக இருந்தது.

"இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் சார்."

அப்பாடா என்று மூச்சு விட்டார். இரண்டு மாதமாக அவரைப் பிடித்து ஆட்டியது இருட்டும் இல்லை, இடுக்கும் இல்லை. கூப்பிட்டு யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்ற நினைப்பு. அது போனதும் உடம்பு லேசாகிவிட்டது.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. வாசலில் இருந்த பெட்டிக்கடையில், வாய் தவறியோ என்னவோ, டீ ஒன்று கேட்டுவிட்டார். கடைக்காரர் நீட்டிய கிளாஸைப் பிடித்ததும் விரல் சுட்டது. "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த டீ மச்சானின் வெறுங்காலில் மொத்தமாகக் கொட்டியது. அவன் காலை இழுக்கவில்லை. திமிர் இல்லை, சுடவில்லை. ஆறிப்போன டீ அது, அதுவும் கிளாஸ் நிறைய. அவன் காலில் டீயின் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காதவன், கிளாஸ் நிறைய டீயை ஆடை கட்டுகிற வரைக்கும் தொடாமல் வைத்திருக்கிறான்.

போனை எடுத்தார். இரண்டு மாதம் கழித்து மாமாவின் எண்ணைப் பார்த்த மச்சான் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"டேய். அந்த டீ எப்ப வந்துச்சு?"

"எந்த டீ மாமா?" என்றவன், பிறகு, "கரண்டு போறதுக்கு முன்னாடியே காவலாளி கொண்டு வந்து வெச்சார்" என்றான்.

"ஏன்டா குடிக்கல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க உள்ள என்ன ஆனீங்கன்னே தெரியல. எனக்கு எப்படி மாமா இறங்கும்?"

லிஃப்ட்காரர் தன் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது, அதைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்டா" என்றார். "அக்கா உன் பேச்சுதான் பேசிக்கிட்டிருக்கா. ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வந்துடு. திங்கக்கிழமை நான் ஏறறேன். சுவிட்ச் பக்கத்துல நீ இருப்பியா?"

"இருக்கேன் மாமா" என்றான் மச்சான். இந்தத் தடவை அது தெளிவாகக் கேட்டது.