ஜுனைட் காக்கா அளந்த பிரெத்தாஞ்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் ஜுனைட் காக்கா கொண்டக்டர், நான் றைவர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு முன்னால் றோட்டு, பின்னால் அவருடைய வாய். "சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை" என்று அவர் கூப்பிடத் தொடங்கினால் ஏறாதவனும் ஏறிவிடுவான்.

எங்கள் கரையில் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. கல்முனைப் பிரதேச செயலகப் பிரிவு எங்கே முடிகிறது, சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகை பார்த்துத்தான் சொல்லவேண்டும். அக்கரைப்பற்றில் ஒரு பக்கம் தேநீர் வாங்கி, மறுபக்கம் ஆலையடிவேம்பில் நின்று குடிக்கலாம். பிரதேசம் என்றால் காக்காவுக்கு அந்த அளவுதான். அதிலேதான் மனிதர் கெட்டார்.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சுல்பிகாவும் அம்ஹாவும். இங்கே முஸ்லிம் வீடுகளில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறவேண்டும். காக்காவும் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டினார், இரண்டு குசினிக் கதவும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி. ஆனால் சுல்பிகாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை பிரான்சில், பிரெஸ்ற் என்ற துறைமுகப் பட்டினத்தில் இருந்தார். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கவலையிலேயே காக்காவின் மனைவி நோயில் விழுந்தார். கடைசியாகக் கதைத்ததும் அதைத்தான்: "மூத்தவளத் தனிய உட்றாதீங்க."

அந்தச் சொல் காக்காவைப் பிடித்துக்கொண்டது. நிந்தவூரிலிருந்து பஸால் என்ற பொடியன் அம்ஹாவைக் கேட்டு வந்தான். நல்ல பொடியன், அரசாங்க வேலை, வளவுக்குள் வந்து இருக்கவும் சம்மதம். அம்ஹாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. காக்கா வேண்டாம் என்றார். ஏனென்றால் தரகர் ஒருவர் இன்னொரு மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். அவரும் பிரான்சில், நாந்த் என்ற இடத்தில். பிரெத்தாஞ் என்பது அங்கே ஒரு பிரதேசத்தின் பெயராம்.

"அதுவும் பிரெத்தாஞ், இதுவும் பிரெத்தாஞ்," என்றார் தரகர். "ரெண்டு பேரும் ஒரே கரையிலதான் இருப்பாங்க."

அன்று பஸ்ஸில் காக்காவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "பாக்கியராசா, கல்முனையும் காரைதீவும் மாதிரி எண்டு வெச்சிக்க. பின்னேரத்தில ஒருத்தி மத்தவள்ற வீட்டுக்குப் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவாள்."

"ஆர் சொன்ன காக்கா? தேசப்படத்தில பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"படத்தில என்னத்தப் பாக்கிற? ஒரே கரை எண்டா ஒரே கரைதான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்த றோட்டை விட்டால் எனக்கு வேறு எந்தக் கரை தெரியும்? அம்ஹா மட்டும் வாப்பாவை ஒரு தடவை பார்த்து, "ஒங்கட விருப்பம் வாப்பா," என்றாளாம். விருப்பம் யாருடையது என்று அவள் அப்போதே தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். காக்காவுக்குத்தான் கேட்கவில்லை.

அம்ஹா கலியாணம் முடித்து நாந்துக்குப் போன சில மாதத்தில் சுல்பிகாவுக்குப் பிள்ளை கிடைத்தது. காக்கா, பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடுகிற சரக்குத் தூளை ஒரு நல்ல கையால் இடிப்பித்து, பிரான்சுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஒரே பொதி. அதுவும் அம்ஹாவின் பெயருக்கு. அக்கரைப்பற்றில் பஸ் திரும்பக் காத்து நின்றபோது அவளுக்கு வீடியோ கோல் எடுத்தார். நான் பக்கத்து சீற்றில் இருந்தேன்.

"மகள், கறிய ஆக்கி சூடு ஆற முந்தி ராத்தாக்குக் கொண்டு குடு. நாப்பது நாளும் முடியுமட்டும் நீதான் பாக்கணும்."

"வாப்பா, நான் வந்ததில இருந்து ராத்தாவக் கண்ணால காணல்ல. இஞ்ச இருந்து அங்க போறெண்டா கல்முனையில இருந்து கொழும்புக்குப் போற அளவு. ரயில்ல போனாலும் அரை நாள். வேலையில லீவு தரமாட்டாங்க. தூளத் தபால்ல அனுப்புறன்."

கொழும்பு என்றதும் காக்கா என்னைப் பார்த்தார். அந்தத் தூரம் எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு உடம்பால் தெரியும்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் போனில் தேசப்படத்தைத் திறந்தோம். பிரெத்தாஞ் என்பது பிரான்சின் மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒரு முனை. நான்கு மாவட்டம். பிரெஸ்ற் இருப்பது பினிஸ்தேரில், அதாவது நிலம் முடிகிற இடத்தில். வடகரையில் ஒன்று. தெற்கே மோர்பியான், அதற்குச் சின்னக் கடல் என்று அர்த்தமாம். கிழக்கே இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்து வைத்த ஒன்று. அந்த நாலிலும் நாந்தைத் தேடினோம். இல்லவே இல்லை. அது முந்தி பிரெத்தாஞ்சோடு இருந்த ஊராம். பிறகு அரசாங்கம் கோடு கீறி வேறு மாகாணத்தோடு சேர்த்துவிட்டது. அங்குள்ள கனபேர் இன்றைக்கும் தங்களைப் பிரெத்தாஞ் ஆட்கள் என்கிறார்களாம், திருப்பிச் சேர்க்கச் சொல்லிக் கொடி பிடிக்கிறார்களாம். தரகர் பொய் சொல்லவில்லை. அதனால் அவரைப் போய்ப் பிடித்துச் சண்டை போடவும் வழியில்லை.

"அங்கயும் நம்மட கல்முனையில மாதிரி இந்தப் பிரிக்கிற சேக்கிற கதையா?" என்றார் காக்கா. சிரிப்பதற்காகச் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

தபாலில் போன தூளைச் சுல்பிகா பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே எழும்பி ஆக்கித் தின்றாள். பஸால் அதே வருடம் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தான். இப்போது எங்கள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான். காக்கா அவனிடம் ரிக்கற் காசு வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரும். படம் ஒன்றைப் பார்க்க எவ்வளவு நேரம் போயிருக்கும்? கொஞ்சம் கழிய, பாவமாகவும் இருக்கும். அவர் செய்ததெல்லாம் பிள்ளை தனித்துப் போகக்கூடாது என்றுதானே.

போன மாதம் பஸ் நின்ற நேரம் அம்ஹா தானாகவே வீடியோ கோல் எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி. காக்கா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கண்ணைத் துடைத்து, பெரிதாகச் சிரித்தார்.

"நான் வாறன் மகள். விசாக்குப் போட்டுட்டு வந்து பாக்கிறன்."

"நீங்க வந்து என்ன செய்ற வாப்பா? பெத்தவளக் குளிப்பாட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

"அப்ப ராத்தாவ வரச் சொல்லுவம்."

"ராத்தாட பிள்ள சின்னன். அவவுக்கு ஏலாது." கோபமில்லாமல்தான் சொன்னாள். "வாப்பா, ராத்தா தனிய எண்டுதானே என்னக் குடுத்தீங்க. இப்ப எனக்கு ஆரக் குடுக்கப் போறீங்க?"

காக்கா போனை என் கையில் தந்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார். போனுக்குள்ளிருந்து அம்ஹா, "வாப்பா? வாப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.