தாத்தாவின் ஸ்கிரேப்பருக்குக் கம்பெனி நம்பர்

முப்பத்திரண்டு வருஷம் மெஷின் ஃபிட்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆன அன்று சாயங்காலம், புக்கிட் தெங்கா தொழிற்சாலை கேட்டில் என்னைத் திருடனைப் போல நிறுத்தினார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இதுல கம்பெனி ஸ்டிக்கர் இருக்கு. வெளிய விட்டா என் வேலை போயிரும்," என்றாள் காவலுக்கு இருந்த லெட்சுமி.

என் கருவிப் பெட்டியில் இருந்தவை மூன்றே சாமான்கள். ஒன்று ஸ்கிரேப்பர். நிபோங் திபால் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்த என் தாத்தா, தேய்ந்த அரத்தைத் தீட்டிச் செய்தது. மெஷினின் இரும்புத் தளத்தில் நீல மை தடவிப் பார்த்து, மேடு தெரிகிற இடத்தை மட்டும் மயிரிழை அளவுக்குச் சுரண்டி எடுக்கும் கருவி. மற்றவை ஒரு சுத்தியல், துளை போட வேண்டிய இடத்தில் புள்ளி குத்தும் ஒரு சென்டர் பஞ்ச். இரண்டும் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் அப்பா கையாண்டவை. கல்யாண மோதிரத்தை இரண்டு தடவை தொலைத்தவன் நான். இவற்றை ஒரு நாளும் தொலைத்ததில்லை.

ஸ்டிக்கர் வந்தது என் முட்டாள்தனத்தால். சில வருஷங்களுக்கு முன் ஆடிட்டுக்கு வந்தவர்கள், சொந்த சாமான் உள்ளே இருக்கக் கூடாது என்றார்கள். ஸ்டோர் பார்க்கும் குமரன், "கம்பெனி நம்பர் ஒட்டிரலாம் அண்ணே, யாரும் கேக்க மாட்டாங்க," என்றான். பிடுங்கல் விட்டால் போதும் என்று தலையாட்டினேன்.

அதே குமரனைக் கேட்டுக்குக் கூப்பிட்டேன்.

"வாங்குன ரசீது இருக்காண்ணே?"

"தாத்தா செஞ்சதுக்கு யாருடா ரசீது குடுப்பா? பாரு, பிடியில அவரு பேரோட எழுத்து குத்திருக்கு."

காவல் அறைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு நிமிர்ந்தான். "அந்த எழுத்த சிஸ்டம்ல தட்டிப் பாத்தேன், வரலியே."

அந்தோணியாரே! செத்துப்போன மனுஷனை சிஸ்டத்தில் தேடியிருக்கிறான்.

"ஒரு வழி இருக்கு," என்றான். "ஸ்கிராப்னு எழுதிரலாம். ஆனா ஸ்கிராப் வெளிய போகணும்னா ரெண்டா வெட்டணும். ரூல் லா அண்ணே."

"உன் ரூலத் தூக்கிக் குப்பையில போடு!"

மூன்றையும் ஸ்டோரிலேயே விட்டு, காலிப் பெட்டியோடு கடல் பாலம் ஏறி ஜார்ஜ் டவுனில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுகை. மூன்று தலைமுறை கை பட்ட சாமானை நானே ஒரு தலையாட்டலில் தாரை வார்த்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் குமரன் போன் செய்தான்.

"அண்ணே, நாலாம் நம்பர் மெஷின் தளம் ஏறுமாறா தேஞ்சிருச்சு. சுரண்ட ஆள் இல்ல, மேனேஜர் கத்துறாரு. கான்ட்ராக்டரா வந்து செஞ்சு குடுங்க. ஆனா கான்ட்ராக்டர் சொந்த சாமான் கொண்டு வரணும், ரூல்."

"என் சொந்த சாமான் உன் ஸ்டோர்லதான்டா இருக்கு!"

மறுநாள் காலிப் பெட்டியோடு கேட்டுக்குப் போனேன்.

கான்ட்ராக்டர் கொண்டுவரும் சாமானைக் கேட்டில் ஒரு ஃபாரத்தில் எழுத வேண்டும். எழுதியது மட்டும்தான் திரும்ப வெளியே போகும். நான் மூன்றையும் எழுதினேன். லெட்சுமி பெட்டியைத் திறந்தாள்.

"அண்ணே, காலியா இருக்கே?"

"கண்ணாடி போட்டுப் பாரும்மா."

ஃபாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா, மூணு இருக்கு," என்று முத்திரை குத்தினாள்.

ஸ்டோரில் குமரனிடம், "ஸ்டிக்கர உரி. அப்புறம்தான் தொடுவேன்," என்றேன். நான் போன பிறகு வாங்கிய, இதே மூன்று சாமான் உள்ள புது செட் ஒன்று நம்பர்கூடப் போடாமல் கிடந்தது. உரித்த மூன்று ஸ்டிக்கரையும் அதில் ஒட்டினான்.

"நம்பர் மூணு, சாமான் மூணு. ஆடிட்டுக்கு இது போதும் அண்ணே."

இந்த மூளை அன்றே வேலை செய்திருந்தால் என்ன கேடு?

சாயங்காலம் வரை சுரண்டினேன். தாத்தாவின் பிடி உள்ளங்கையில் உட்கார்ந்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

வெளியே வரும்போது லெட்சுமி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "எழுதுனது மூணு, இருக்கிறது மூணு. கொண்டு போங்கண்ணே."

வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சொந்த சாமான் கொண்டுபோனால் முதல் நாளே கேட்டில் எழுதிவிட்டு உள்ளே போங்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் கழித்து, காலிப் பெட்டியைக் காட்டி எழுதினேன்.